படம் தாவுது

– இப்ப தாவுச்சு பாரு. பாத்தியா மாப்ள? இந்த வளைவுல, இப்பத்தான்.

– எங்க மாமா? நான் ஓரத்துல ஓடற நம்பரையே பாத்துட்டு இருந்தேன். ஒண்ணும் ஆடலியே.

– நம்பர விடு, கேம்ல ரோட்டப் பாரு. லாரி பாலத்துல ஏறிட்டு இருந்துச்சு. கண்ணு இமைக்கறதுக்குள்ள சுவத்துல மூக்க நசுக்கிட்டு நிக்குது. நடுவுல இருந்த ரோட்ட யாரு முழுங்கினா?

– ஒரு நிமிஷம். கொஞ்சம் தள்ளிக்கங்க, கிராஃபப் பின்னாடி ஓட்டிப் பாக்கறேன்... இல்ல மாமா. கோடு நூல் புடிச்ச மாதிரி நேராப் போயிருக்கு. படம் எங்கயாவது திக்கியிருந்தா இதுல முள்ளு மாதிரி ஒண்ணு எந்திரிச்சு நிக்கும்.

– அப்ப நான் பொய் சொல்றேனா?

– அப்படிச் சொல்வேனா. புதுசா அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர்ல இதெல்லாம் வர்றதுதான். ஆனா இந்த ஒரு வாரத்துல நான் கை வைக்காத இடம் இல்ல. ரேமக் கழட்டி வேற மாட்டியாச்சு. பவர் சப்ளைய மாத்தியாச்சு. கிராஃபிக்ஸ் கார்ட எங்க கடைல ரெண்டு நாள் ஓட விட்டுப் பாத்தாச்சு, சூடு கூட ஏறல. கடைசியா ஒண்ணுதான் தோணுது. டிரைவர்ல கோளாறோ என்னமோ.

– எந்த டிரைவர்? என்னையா சொல்ற?

– உங்கள இல்ல மாமா. கார்டு வேலை செய்ய ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதுக்கும் டிரைவர்னுதான் பேரு.

– அதான பாத்தேன். கேளு, இருபத்தோரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், ஒரு கீறல் விட்டதில்ல. அந்த ஒரு நாளத் தவிர.

– அதையே நெனச்சுட்டு இருக்காதீங்க. சஸ்பென்ட் பண்ணி மூணு வாரமா வீட்ல உக்காந்து சுவத்தப் பாத்துட்டு இருக்கீங்களேன்னுதான் இத கட்டிக் குடுத்தேன்.

– பஸ்ஸப் புடுங்கிட்டாங்கன்னு பொம்மை லாரி ஓட்டறீங்களான்னு உங்கக்கா கேக்கறா. எனக்கு வாய்க்கறதெல்லாம் ஒரே ரகம் மாப்ள. நெச பஸ்ல பிரேக் புடிக்கல. பொய் லாரில படம் தாவுது.

– நான் ஓட்டறப்ப மட்டும் தாவ மாட்டேங்குதே. முந்தாநாள் மூணு மணி நேரம் ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி போச்சு.

– டாக்டரக் கண்டதும் வயித்துவலி நின்னுடற கதைதான்.

– அதுக்குத்தான் இன்னைக்கு நீங்க ஓட்டறத ரெக்கார்ட் போட்டிருக்கேன். கேம மெஷினே உள்ளுக்குள்ள பதிவு பண்ணுது. அதையும் முழுசா நம்ப முடியாதுன்னு அந்த அலமாரித் தட்டுல என் போனச் சாத்தி வெச்சிருக்கேன். ஸ்கிரீன அது தனியா எடுக்குது. இப்ப தாவினத ரெண்டுலயும் பாத்துடலாம்.

– போடு, போடு. அப்பவாவது என்னை நம்புவ.

– இதோ பாலம். ஏறறீங்க. இதோ வளைவு... மாமா, ரோடு முழுசா இருக்கே. ஒரு அடி கூட விட்டுப் போகல. லாரிதான் வளைவுல திரும்பாம நேராப் போகுது. அப்படியே போய்ச் சுவத்துல முட்டுது.

– நான் இதப் பாக்கலியே.

– இந்தத் துண்டு மட்டும் எட்டு செகண்டு ஓடுது.

– எட்டு செகண்டா? எனக்கு அர செகண்டு கூட இல்ல. அதோட நான் ஸ்டீயரிங்கத் திருப்பினேன் மாப்ள. வளைவுன்னா தூக்கத்துலகூட என் கை தானாத் திரும்பும்.

– ஸ்டீயரிங்குக்கும் கணக்கு விழுது, இங்க பாருங்க. அந்த எட்டு செகண்டும் அது அசையல. ஆக்ஸிலேட்டர் மட்டும் மிதிச்சது மிதிச்சபடி இருக்கு.

– அப்ப ஸ்டீயரிங் வயர் லூசு. அத மாத்து, தீந்துது.

– இருக்கலாம். ஒரு நிமிஷம், போன்ல எப்படி விழுந்திருக்குன்னு பாத்துடறேன்...

– என்ன மாப்ள, அதுலயும் அதேதானா?

– ஒண்ணுமில்ல மாமா.

– ஒண்ணுமில்லன்னா போன ஏன் அந்தப் பக்கம் திருப்பிக்கற? குடு இங்க.

– போன் லேசாச் சரிஞ்சிருக்கு. ஸ்கிரீனோட உங்க முகமும் சேந்து விழுந்திருக்கு.

– விழட்டுமே, நான் பாக்காத மூஞ்சியா... இது என்ன பண்றேன் நான்?

– தெரியல மாமா.

– வாயில ஒண்ணும் இல்லியே. எத மெல்றேன்?

– போதும், குடுங்க.

– இரு. கண்ணு தொறந்துதான் இருக்கு. ஸ்கிரீனப் பாத்தபடிதான் இருக்கு. பின்னால உன் குரல் கேக்குது, “மாமா, தண்ணி வேணுமா”ன்னு. எப்பக் கேட்ட நீ?

– அப்பதான் கேட்டேன். பதில் வரல. விளையாட்டுல மூழ்கிட்டீங்கன்னு விட்டுட்டேன்.

– என் காதுல விழவே இல்லியே. இந்தக் கையப் பாரு. ஸ்டீயரிங்க விட்டுட்டு சட்டைப் பொத்தானத் தடவுது. யாரோ ஒருத்தன் கை மாதிரி.

– லாரி முட்டினதும் தலையத் திருப்பி, “இப்ப தாவுச்சு பாரு”ன்னு என்கிட்ட சொல்றீங்க. அதுவும் இதுல இருக்கு.

– வெட்டி ஒட்டி வேடிக்கை கீடிக்கை பண்ணி வெச்சிருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிடு. கோவப்பட மாட்டேன்.

– உங்ககிட்ட அப்படி விளையாடுவேனா மாமா.

– அதான. நீ அப்படிப்பட்டவன் இல்ல.

– எங்க கடைக்கு ஒரு வாத்தியார் வருவாரு. அவரு பொண்ணுக்கு இப்படி வரும். பேசிட்டே இருக்கும், பாதில நின்னுடும், கொஞ்ச நேரம் கழிச்சு விட்ட இடத்துலேந்து பேசும். நடுவுல நடந்தது ஒண்ணும் அதுக்குத் தெரியாது. அதுவும் ஒரு வகை வலிப்புன்னு சொன்னாரு.

– வலிப்புன்னா கீழ விழுந்து வெட்டி இழுக்கணும். நான் நாற்காலிய விட்டு அசையவே இல்லியே.

– நான் டாக்டர் இல்ல மாமா. நாளைக்கே போய்க் காட்டிடலாம், நான் கூட வரேன். அந்தப் பொண்ணுக்கு மாத்திரையிலயே அடங்கிடுச்சாம்.

– இந்த வாரம் எத்தனை தடவை தாவுச்சுன்னு உன்கிட்ட சொல்லியிருப்பேன்?

– குறிச்சு வெச்சிருக்கேன். பத்தொன்பது.

– ஒரு வாரத்துல பத்தொன்பது. அதுவும் கேம் ஆடறப்ப மட்டும்.

– மாமா, எந்திரிங்க. கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரலாம்.

– கேளு மாப்ள. அன்னைக்கு பாங்கு கட்டடம் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. குறுக்க வந்த சைக்கிள்காரனுக்கு வழி விட்டேன். அதுக்கு அடுத்தது பஸ் ஸ்டாப்புக் கம்பி முன்கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு உள்ள நிக்குது. சனம் கத்துது. ஸ்டாப்புல நின்ன அந்தத் தையல்காரம்மா சக்கரத்துக்கு அடியில கிடக்குது. பாங்குக்கும் ஸ்டாப்புக்கும் நடுவுல ரோடே இல்ல.

– அதிர்ச்சில மறந்துடுச்சுன்னு சொன்னீங்களே.

– எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, நானும் நம்பினேன். பிரேக்க மிதிச்சீங்களான்னு டிப்போல கேட்டாங்க. இருபத்தோரு வருஷமா மிதிச்ச காலு, அன்னைக்கு மட்டும் மிதிக்காம இருக்குமா? மிதிச்சேன், புடிக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

– தெரிஞ்சா எழுதினீங்க?

– டிப்போ மெக்கானிக் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். “அண்ணே, காலைல நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், பிரேக்கு கல்லு மாதிரி நின்னுச்சு”ன்னான். அவன யாரும் நம்பல. கீறல் விடாத டிரைவர் சொல்றான்ல, அவன நம்பினாங்க. மெக்கானிக்குக்கு வேலை போச்சு. நேத்து அவன் பொண்டாட்டி வந்து அந்தச் சோபாவுல உக்காந்திருந்தா. அழல, சண்டை போடல. “நெசமாவே புடிக்கலியாண்ணே”ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா.

– என்ன சொன்னீங்க?

– ஆமாம்மா, புடிக்கலன்னேன். அவ கண்ணப் பாத்துச் சொன்னேன்.

– தெரியாமச் சொன்னதுதான மாமா.

– இப்பத் தெரிஞ்சுடுச்சே. அந்த வீடியோவ அழிச்சுட்டா தெரியாமப் போயிடுமா?

– அழிக்கச் சொல்றீங்களா?

– ஒரு நொடி அப்படித்தான் நெனச்சேன், உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. வண்டி ஓட்டறதத் தவிர எனக்கு ஒரு எழவும் தெரியாது மாப்ள. ஸ்டீயரிங்க வாங்கி வெச்சுக்கிட்டா, காலைல எந்திரிச்சு நான் என்ன பண்ணுவேன்? எங்க போவேன்? இந்த வீட்டுல எனக்கு எது எங்க இருக்குன்னுகூடத் தெரியாது.

– மாமா.

– வேணாம், அழிக்காத. நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. நீயும் வா. போன மேஜை மேல வெச்சு, பிரேக்குல ஒண்ணும் இல்ல, அந்த மெக்கானிக்க வேலைல சேத்துக்கங்கன்னு சொல்லிடறேன். டாக்டரெல்லாம் அதுக்கப்புறம்.

– கேஸ் முழுசா உங்க மேல திரும்பும்.

– திரும்பட்டும். அந்தத் தையல்காரம்மா கால் போய் ஆஸ்பத்திரில கிடக்குது. எனக்கென்ன, உக்காந்துதான இருக்கேன்.

– முதல்ல அக்காகிட்ட சொல்லணும்.

– அதான் பயமா இருக்கு. கேட்டா இடிஞ்சு போயிடுவா. நான் ஒரு தும்மல் தும்மினாலே அவளுக்குத் தாங்காது. நீயே கூப்பிடு.

– அக்கா, இங்க கொஞ்சம் வாயேன்.

– என்னடா, சரியாயிடுச்சா மெஷினு?

– மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. பதறாம இதப் பாரு. மாமா ஓட்டறப்ப எடுத்தது. அவரு முகத்தப் பாரு.

– கை ஈரமா இருக்குடா.

– நீ தொட வேணாம், நான் புடிச்சுக்கறேன். இதோ, இந்த இடம்... ஏன்க்கா கண்ண மூடிக்கற?

– நிறுத்துடா அத. நான் பாக்க வேணாம். மெல்றது நின்னதும் வலது கை பொத்தானத் தேடும். அப்புறம் திரும்பிடுவாரு.

– உனக்கு எப்படித் தெரியும்?

– ரெண்டு வருஷமாச்சுங்க. மொதல்ல சாப்பிடறப்ப வந்துச்சு. ஏதோ யோசனைல இருக்கீங்கன்னு நெனச்சேன். அப்புறம் எண்ண ஆரம்பிச்சேன்.

– எண்ணினியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

– சொன்னா வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. இறக்கினா செத்துடுவேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. பத்து எண்ணறதுக்குள்ள எப்பவும் வந்துடுவீங்க. அதனால ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துட்டேன்.

– மெக்கானிக் பொண்டாட்டி நேத்து இங்க உக்காந்து கேட்டப்ப நீயும்தான நின்னுட்டு இருந்த.

– தண்ணி கொண்டுவந்து குடுத்தேன். குடிச்சுட்டு, “வரேங்க்கா”ன்னு சொல்லிட்டுப் போனா.

– அக்கா, அன்னைக்காவது, மாமா கிளம்பறதுக்கு முன்னாடி...

– அன்னைக்குக் காலைல ஷூ மாட்டறப்பவே ஒண்ணு வந்துச்சுடா. பத்து தாண்டியும் வரல, பதினேழுலதான் வந்தாரு. நான் சாப்பாட்டுப் பையக் கையில குடுத்து, பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.