நோராவுக்கு நாள் பார்த்தவள்

திருமதி நோரா டோலன் சனிக்கிழமைகளில் யாரையும் வீடு மாற விடமாட்டார். சனியன்று குடிபோனவர் அங்கே நிலைக்கமாட்டார் என்பது அயர்லாந்தில் அவருடைய ஊர் நம்பிக்கை. அதனால் கனடாவில், ஸ்காபரோவில் அவருடைய வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றுக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் குடிவந்தேன். யாழ்ப்பாணத்தில் நாங்களும் நாள் பார்ப்பவர்கள். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கணவரையும் மகளையும் கொழும்பில் பறிகொடுத்துவிட்டு வந்தவள் நான். நோராதான் என்னைத் தன் மேசையில் இருத்தித் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருடைய கால்விரலில் புண் வந்தது. அவருக்குச் சலரோகம், சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, வீட்டை விற்று, பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் மகளோடு போய்விடப் போவதாகச் சொன்னார்.

நான் தடுக்கவில்லை. நாள் மட்டும் பார்த்தேன். திங்களும் வெள்ளியும் எதையும் தொடங்கக்கூடாது என்றது அவரேதான். ஏரோது மன்னன் பாலகரைக் கொன்ற நினைவு நாள் போன மார்கழியில் புதன்கிழமை வந்தது. ஆகவே அதிலிருந்து ஒரு வருடத்துப் புதன்கள் எல்லாம் ஆகாது. அதுவும் அவர் சொன்னது. செவ்வாய் கூடாது என்று நான் சொன்னேன். வியாழனில் அட்டமி வந்தது. அட்டமி வராத வியாழன்களிலும் வந்தது என்றேன். சனி அவருக்கே ஆகாது; ஞாயிறு பெரிய டாக்குத்தர் வரமாட்டார் என்றேன்.

என்னைப் பார்க்க வந்த ஊர்க்காரி ஜெயமலர் மூக்கைப் பொத்தினாள்.

"அக்கா, உந்தக் காலைப் பாத்தனீங்களோ? கறுத்துப்போச்சு. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"ஓம், வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போறன்."

நோராவின் மகள் தொலைபேசியில் கேட்டபோது, காட்டியாயிற்று, மருந்து கட்டுகிறேன் என்றேன்.

ஒரு காலை நோரா, நாள் பார்த்தது போதும் சந்திரவதனா, போனைத் தா என்று கேட்டார். காய்ச்சலில் புத்தி தடுமாறியவரின் பேச்சு அது. வயரைக் கழற்றி போனைக் கீழே கொண்டுபோனேன். அவர் எழும்பி விழுந்துவிடக் கூடாதென்று அறைக் கதவையும் பூட்டினேன். வெகுநேரம் கூப்பிட்டார். நான் வாசலிலேயே இருந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைத் தனியே விடவில்லை. பிறகு அவர் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை அடக்கமாம். அவருடைய ஊரில் திங்களில் புதைகுழி வெட்டமாட்டார்கள். அதுகூடத் தெரியாத மகளிடமா நான் அவரை அனுப்பியிருக்க வேண்டும்?