பன்னிரண்டாவது வார்த்தை

அண்ணி, இதை நான் கையால் தட்டவில்லை. பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. ஷார்ஜாவில் ஒரே ரூமில் ஆறு பேர். பாத்ரூமில் நின்று மெதுவாகப் பேசுவதால் பிழை இருக்கும், திருத்திப் படியுங்கள்.

செழியன் அண்ணன் கிரிப்டோ வாங்கியது உங்களுக்குத் தெரியும். அந்த வாலட்டை மீட்கப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வேண்டும், வரிசை மாறக் கூடாது. பேப்பரைக் கரையான் தின்னும், போட்டோ திருடுபோகும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. எட்டு லிங்கத்துக்கு எட்டு வார்த்தை, நடுவே நாம் நிற்கிற நாலு டீக்கடைக்கு நாலு. கிரிவலம் போகும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார். "மலை தேஞ்சாலும் மறக்க மாட்டேன்டா" என்று என்னிடம் சிரித்தார்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் முனகியதை நீங்களும் கேட்டீர்கள். இந்திர லிங்கம், ரிப்பன். அக்னி லிங்கம், டர்ட்டில். "என் புள்ள படுத்துக்கினே மலை சுத்துறான் பாரு" என்று அம்மா திருநீறு பூசினாள். நான் போனில் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே வேலூர் கொண்டுபோங்கள் என்றார். அப்போது ஏழு வார்த்தை வந்திருந்தது. வேலூரில் தொண்டையில் குழாய் போடுவார்கள், பேச்சு நின்றுவிடும். டாக்டரிடம் வண்டி சொல்லியாச்சு என்றேன். உங்களிடம், "பௌர்ணமி கூட்டம் அண்ணி, ஆம்புலன்ஸ் டவுனைத் தாண்டாது. காலைல போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன். நம்ம ஊரில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

குபேர லிங்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டார். உதட்டை நனைத்து, "அடுத்து ஈசான்யம்தாண்ணா, கிட்ட வந்துட்ட" என்று நான்தான் நடத்திக் கூட்டிப்போனேன்.

காலையில் நீங்கள் டிபன் வாங்கப் போயிருந்தீர்கள். ஈசான்ய லிங்கம் என்றார். என் கையைப் பிடித்தார். "பிரதர்" என்றார். உடனே வண்டிக்குச் சொன்னேன். போளூர் தாண்டியதும் மூச்சு நின்றது.

அந்த வாலட்டில் உள்ளது உங்கள் பாப்பாவுக்குத்தான். விலை ஏறட்டும் என்று தொடாமல் வைத்திருக்கிறேன்.

உங்களை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார் என்று மட்டும் நினைத்து வருந்த வேண்டாம். கடைசியில் அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவதென்றால் "டேய் மணி" என்றுதான் கூப்பிடுவார். அது பன்னிரண்டாவது வார்த்தை, அண்ணி. போட்டதும் திறந்துகொண்டது.