மலாக்கி டூஹி அவர்களுக்கு, பாலத்துப் பூக்கள் காணாமற்போனது தொடர்பாக

துடைப்பத்தைத் துணையாகவும் தள்ளுவண்டியைத் தோழனாகவும் தூறலைத் தோள்துண்டாகவும் கொண்டு, கில்பிரானக் நகரின் ஒன்பது தெருக்களையும் முப்பத்து மூன்று ஆண்டுகள் பெருக்கிய பெருந்தகையே! ஊர் உறங்கும்போதே எழுந்து, ஊர் எறிந்ததையெல்லாம் வாரி அள்ளிய வள்ளலே! எதைக் கேட்டாலும் வானிலையைப் பற்றியே விடை சொல்லி, வம்பு ஒன்றையும் வாயில் ஏற்றாத உத்தமரே! இன்றோடு பணி நிறைவு பெறும் எங்கள் மலாக்கி டூஹி அவர்களே! நகராட்சிப் பணிமனையான இந்தக் கவுன்சில் யார்டின் ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்.

புகழ ஆரம்பித்தால் தாங்கள் கதவுப் பக்கம் நழுவுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கதவை ஒட்டி நாற்காலி போட்டு, பொறியாளர் மானியன் அவர்களை உட்கார வைத்திருக்கிறோம். அருள்கூர்ந்து சாண்ட்விச் தட்டைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்க வேண்டும். இந்த மடலில் புகழ்ச்சி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் விசாரணை.

இவ்வூரின் குணம் தாங்கள் அறியாததல்ல. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பத்து வீட்டிலிருந்து ரொட்டியும் கேக்கும் போய்ச் சேரும். ஆறு பொங்கினால் மணல் மூட்டை தூக்க வரிசை நிற்கும். அதே ஊரில்தான் தெருவில் காலடி கேட்டால் திரைச்சீலை விலகாத ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. அதிலும் தூய நகரப் போட்டிக்கான நடுவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஜூன் மாதம் பிறந்துவிட்டால், கையில் குறிப்பேடு வைத்திருக்கும் எந்த அந்நியரையும் நம்மவர்கள் சும்மா விடுவதில்லை. சென்ற ஆண்டு தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த ஒரு மனிதருக்கு மூன்று வீட்டில் தேநீர் கிடைத்தது. நடுவர் அவரல்ல என்று தெரிந்ததும் நான்காவது வீட்டில் கதவே திறக்கவில்லை.

சந்தேகப்பட ஊருக்குக் காரணமும் இருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு பேருந்து நிழற்குடையின் கண்ணாடி இருமுறை உடைந்தது. குப்பைத்தொட்டி ஒன்று எரிந்தது. கடைத் தள்ளுவண்டி ஒன்று ஆற்றில் குப்புறக் கிடந்தது. இதெல்லாம் யாருடைய கற்பனையும் இல்லை, அந்தச் சில்லுகளைப் பொறுக்கியது தங்கள் கைகள்தாம். உள்ளங்கையால் பந்தடித்து விளையாட அந்தக் காலத்தில் கட்டிய மூன்று பக்கச் சுவர் ஒன்று ஆற்றங்கரையில் இருக்கிறதே, அங்கே கூடும் இளவட்டங்கள் மீது ஊரே பழி போட்டது. கண்ணாடி விஷயத்தில் அது பொய்ப் பழி என்று நாங்களும் சொல்ல மாட்டோம். யார் உடைத்தார்கள் என்று தங்களுக்குத் தெரியும் என்றே இன்றளவும் சந்தேகிக்கிறோம்.

இனி, இந்த விசாரணையின் நாயகிக்கு வருவோம். நம் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் புகார்ப் பதிவேட்டை எழுதிவருபவர் டிம்ப்னா கெராட்டி. தூய நகரக் குழுவின் செயலாளரும் அவரே. பத்தொன்பது ஆண்டுகள் பிறர் புகாரைக் கேட்டவருக்குப் பிறரை நம்புவது எப்படிக் கைவரும்? பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ரொட்டி வண்டி ஓட்டுநர்கூட அதில் இருந்தார். அவர் காலை ஏழு மணிக்கே சீட்டியடிக்கிறார், மனத்தில் கள்ளம் இல்லாதவன் அந்நேரத்தில் சீட்டியடிப்பானா என்பது டிம்ப்னாவின் வாதம்.

பாலத்தின் மேலுள்ள ஆறு தொட்டிகளும் அவருடைய பொறுப்பு. மே மாதம் ஆரஞ்சு நிற ஜெரேனியங்களைத் தம் கையாலேயே நட்டார். சனிக்கிழமை மாலைதோறும் ஒரு மணி நேரம் நின்று நிதானமாகத் தண்ணீர் ஊற்றுவார். அவருடைய பழைய பூவாளி ஓட்டையாகிப் போனபோது யார்டில் இன்னொன்று கேட்டார், இல்லையென்றார்கள். அவர் நம்புவாரா? நல்லதையெல்லாம் நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று முடிவு கட்டி, ஆள் இல்லாத நேரம் கிடங்குக்குள் நுழைந்து, உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் மேல் தட்டில் கிடந்த நீலப் பூவாளியைக் கண்டுபிடித்து எடுத்துப் போனார். தம் சந்தேகம் பலித்ததில் அன்று அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

அடுத்த திங்கட்கிழமை காலை, இரண்டு தொட்டிகள் வெறும் மண்ணாக நின்றன. அதற்கடுத்த திங்களும் அப்படியே. மூன்றாவது திங்களும் அப்படியே. வேரோடு பிடுங்கியிருந்தார்கள், ஓர் இலைகூட மிச்சமில்லை. டிம்ப்னா சும்மா இருப்பாரா? அவர் பட்டியலைப் புதுப்பித்தார். அன்று மாலையே ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். யார்டில் பாதிப்பேர் அங்கே இருந்தோம், தாங்களும் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"எல்லாம் அந்தச் சுவர்ப் பசங்க வேலைதான், வேற யாரு செய்வா?" என்று ஆரம்பித்தார் குழுத் தலைவரான கசாப்புக் கடை இக்னேஷியஸ் ஃபீனி.

"நீங்க பாத்தீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

"பாக்கணுமாக்கும்! மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே. கம்பி வேலி போட்டு அந்த எடத்தையே அடைச்சிடணும். என்னம்மா டிம்ப்னா?"

"நான் லிஸ்டே வெச்சிருக்கேன். பதினோரு பேரு. அப்பா பேரு, சட்டைக் கலரு எல்லாம் இருக்கு. போலீஸ் சார்ஜென்ட் கேட்டா இப்பவே குடுத்துடுவேன்."

வேலிக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழ ஆரம்பித்தபோது தாங்களும் எழுந்தீர்கள்.

"வேலியெல்லாம் வேணாங்க. அந்தப் பூவைப் பிடுங்கினது நான்தான்."

"என்ன மலாக்கி, வெளையாடுறீங்களா?"

"இல்லீங்க. மூணு திங்கக்கெழமையும் நான்தான் பிடுங்கினேன். வண்டியில போட்டு எடுத்துட்டுப் போனேன்."

"எதுக்குய்யா அப்படிச் செஞ்சீங்க?"

தாங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். "நாளைக்கு மழை வரும்போல இருக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

அன்றைக்கு டிம்ப்னாவுக்கு வந்த கோபத்தில் பாதி தங்கள் மேல், பாதி தம் மேலேயே. பன்னிரண்டு ஆண்டுகள் பத்தரை மணித் தேநீரை ஒரே மேசையில் தங்களோடு குடித்தவர் அவர். ஊரில் அத்தனை பேரையும் எழுதிய பட்டியலில் இந்த ஒரு மனிதரை மட்டும் எழுதாமல் ஏமாந்துவிட்டோமே என்று வீடு போகும் வழியெல்லாம் புலம்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் புல்வெட்டி குழுவின் காட்டுப்பூக்களைத் தரைமட்டமாக்கிய நாளிலிருந்து, குழு நட்ட செடியைக் கவுன்சில் கை தொடக்கூடாது என்று எழுத்திலேயே ஓர் உடன்பாடு உண்டு. ஆகவே தண்டனைக்கு வழி இருந்தது. பொறியாளர் சொன்னார், டிம்ப்னா தட்டச்சு செய்தார். முப்பத்து மூன்று ஆண்டுப் பணிப்பதிவேட்டில், ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது, தங்களுக்கு முதல் மெமோ வந்தது.

அதன்பிறகு ஊர் என்ன செய்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தாங்கள் வண்டியோடு வந்தால் ஜன்னல் பூச்சட்டிகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். காலை வணக்கம் சொன்ன வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. தேநீர் மேசையில் டிம்ப்னா வேறு நாற்காலிக்கு மாறினார். பூத்திருட்டு நின்றுவிட்டது, மறுபடி நட்ட தொட்டிகள் பொங்கிப் பூத்தன. பார்த்தீர்களா, ஆளைப் பிடித்ததும் நின்றது என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். தாங்களோ ஒரு நாள் தவறாமல் பாலத்தைப் பெருக்கினீர்கள்.

செப்டம்பரில் நடுவரின் அறிக்கை வந்தது. அதில் யாரும் எதிர்பாராத ஒரு வரி இருந்தது: ஆற்றங்கரைப் பந்துச் சுவரின் ஓரமாக, பழைய பெயின்ட் டின்களில் இளைஞர்கள் வளர்க்கும் ஆரஞ்சு ஜெரேனியங்கள் மனத்தைக் கவர்ந்தன, குழுவின் இம்முயற்சி பாராட்டுக்குரியது. அதற்காக மூன்று மதிப்பெண்கள் கூடுதல். வேலி போட இருந்த இடத்துக்கு வந்த மதிப்பெண்ணை ஃபீனி கூச்சமே இல்லாமல் கைகுலுக்கி வாங்கிக்கொண்டார். டிம்ப்னா கண்ணில் பட்டது வேறு. ஆரஞ்சு நிறமா? அது பாலத்து நிறமல்லவா? திருட்டுச் சொத்து இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே சுவருக்கு நடந்தார்.

அங்கே சுவரடியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவள் கிரான்யா லவெல், பட்டியலில் நான்காவது பெயர்.

"நோட்டையும் கொண்டாந்துட்டீங்களா? இன்னைக்குச் சட்டை பச்சை, எழுதிக்கோங்க," என்றாள் அவள்.

"வாயாடாத. இந்தப் பூவெல்லாம் மலாக்கி திருடிக் குடுத்ததுதானே?"

"செத்த செடிய யாராச்சும் திருடுவாங்களா? கொண்டாரும்போதே எல்லாம் சுருண்டு கெடந்துச்சு. நடுவர் வர்ற நேரத்துல பாலத்துல இப்படி நிக்கக்கூடாதுன்னு பிடுங்கிட்டாராம். மண்ணுல ஏதோ கெட்டுப்போச்சுன்னு வேரை நாலு தண்ணில அலசச் சொன்னாரு, அலசி வெச்சோம். பாதி பொழச்சுது."

"நல்லா இருந்த செடி எப்படிச் சுருளும்?"

"எங்களுக்கும் மொதல்ல தெரியல, அவருக்கும் தெரியல. மூணாவது சனிக்கெழமதான் கண்டுபிடிச்சாரு. யாரோ களைக்கொல்லி கலக்குற பூவாளியில தண்ணி ஊத்துறாங்களாம்."

"யாரு?"

அந்தப் பெண் சிப்ஸ் பொட்டலத்தை மடித்து, எழுந்துபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். "பேரு சொல்லல. அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'அந்தம்மா வாரத்துல அந்த ஒரு மணி நேரந்தான் யாரையும் சந்தேகப்படாம நிக்கிறாங்க. அதையும் கெடுக்க எனக்கு மனசு வரல'ன்னாரு. நீங்க யாருன்னு நெனைக்கிறீங்க?"

டிம்ப்னா பதிவேட்டை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். யார்டுக்கு வந்து தம் அலமாரியைத் திறந்து நீலப் பூவாளியை வெளியே எடுத்துப் பார்த்தார். அவர் எடுத்துப்போனதற்கு மூக்கில் ஒரு நசுங்கல் உண்டு. இதில் இல்லை; யாரோ சத்தமில்லாமல் வேறொன்றை மாற்றி வைத்திருந்தார்கள். கிடங்குக்குப் போய் உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். மேல் தட்டில், முன்பு இருந்த அதே இடத்தில், மூக்கு நசுங்கிய பூவாளி இருந்தது. அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில், தங்கள் கோணல் கையெழுத்தில், "விஷம், எடுக்காதீர்கள்" என்றிருந்தது. கூட்டம் நடந்த திங்கட்கிழமையின் தேதியும் அடியில் இருந்தது. உப்பு மூட்டை மேலேயே உட்கார்ந்து அவர் அழுதார். உள்ளே வந்த எங்களில் ஒருவர் என்னவென்று கேட்டதற்கு, தூசி என்றார். நாங்கள் நம்பவில்லை.

மாண்புமிகு மலாக்கி அவர்களே! தங்களை முழுவதுமாக மன்னிக்க எங்களால் இயலவில்லை. செடி சுருண்ட முதல் வாரமே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மெமோவுக்குப் பயந்து சொல்லாமல் இருந்தீர்கள். கடைசியில் பதினோரு பிள்ளைகளையும் ஒரு பெண்மணியையும் காப்பாற்ற அதே மெமோவைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். இப்படிப்பட்ட மனிதரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மெமோவைத் தட்டச்சு செய்தவரே அதை ரத்து செய்யும் ஆணையையும் தட்டச்சு செய்தார். பொறியாளர் இன்று காலை கையொப்பமிட்டார். தங்கள் பதிவேடு பழையபடி வெள்ளையாக இருக்கிறது. இந்த மடலுக்குப் போட்ட மரச்சட்டத்தின் பின்பக்கத்தில் அந்த ஆணையைச் செருகியிருக்கிறோம். ஊர் மறந்துபோனால் சட்டத்தைத் திருப்பி மாட்டிவிடுங்கள்.

தங்கள் முழங்கால் இரண்டும் தங்கள் சொல் கேட்டு நடக்கட்டும்! மூச்சு சீராகவும் மூட்டு இலகுவாகவும், இன்னும் முப்பத்து மூன்று இளவேனில்கள் தங்கள் வாசலில் வந்து நிற்கட்டும்! பெருக்க வேண்டிய கடமை இல்லாத தெருவில் கை வீசி உலாவும் சுகத்தைத் தாங்கள் நெடுநாள் அனுபவிக்க வேண்டும்! குனிந்து ஒரு காகிதத்தைக்கூடப் பொறுக்காமல் உலாவுவீர்களா என்பது எங்களுக்குச் சந்தேகமே. கண்காணிக்க ஆள் போட்டிருக்கிறோம். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து கேக் தின்கிறாள்.

இங்ஙனம், தங்களை இழக்க மனமில்லாத
கில்பிரானக் கவுன்சில் யார்டு ஊழியர்கள்

இம்மடலை எழுதியவரும், இப்போது தங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவரும், பத்தரை மணித் தேநீருக்குத் தங்கள் எதிர் நாற்காலியில் மறுபடி உட்கார அனுமதி கேட்பவரும்:
தண்ணீர் ஊற்றியவள்,
டிம்ப்னா கெராட்டி