கம்பு நுனியில் ஒரு கோப்பை

துறைமுகத்தில் கப்பலொன்று திடீரென ஊதியதும் இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தை எழுதுவதை நிறுத்தினார். லிங்கநகரில் எங்கள் வீட்டு யன்னல்களும் இந்தச் சத்தத்துக்கு அதிரும் என்றேன். காலையில் நான் பீட்ரூட் அரைக்கும்போது கப்பல் ஊதினால் என் இரண்டு பெண்களும் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மூத்தவள் நிரோஜினி. இளையவள் சோபனா.

பீட்ரூட்டைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அதிலுள்ள நைத்திரேற்று இரத்தக்குழாய்களை விரிக்கும். தசைகள் குறைந்த ஒட்சிசனோடு கூடுதலாக உழைக்கும். கூடவே பிரஷரும் சற்று இறங்கும். நிரோஜினிக்கு அது ஏற்கெனவே குறைவு. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். டொக்டர் பீட்ரூட்டை நிறுத்தச் சொன்னார். நான் அவளுக்குச் சோற்றை நிறுத்தினேன். சோறு உடம்பைக் கனமாக்கும்.

மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவை நீந்திக் கடக்க இளவயதில் நானும் இறங்கினேன். பாதியில் வள்ளத்தில் தூக்கிப் போட்டார்கள். மீன் சந்தையில் இன்றும் நான் 'அரைக்கடல் தம்பிராசா'தான். அந்தப் பெயரோடு சாக எனக்கு விருப்பமில்லை.

நேற்று நிரோஜினியை அதே குடாவில் நீந்த இறக்கினேன். வள்ளக்காரன் ஜெமீலோடு வள்ளத்தில் அவள் பக்கத்திலேயே போனேன். நீந்துபவரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அந்த நீச்சல் கணக்கில் வராது. அதனால் நீண்ட கம்பின் நுனியில் கோப்பையைக் கட்டித்தான் பீட்ரூட் சாறு கொடுப்போம். முடியாவிட்டால் கை தூக்கு, ஏற்றிவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

கரை தெரியத் தொடங்கியபோது கை தூக்கினாள்.

"அப்பா, ஏலாது."

கோப்பையை நீட்டினேன். குடித்தாள். சொல் கேட்கிற பிள்ளை.

மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் நீட்டினேன்.

"அண்ணன், புள்ளைக்குக் கண் செருகுது. விசரா உங்களுக்கு? ஏத்துவம்!" ஜெமீல் குதிக்க எழுந்தான். சட்டையைப் பிடித்து இருத்தினேன்.

"தொடாதே, ஜெமீல். தொட்டால் இவளும் அரைக்கடல்தான்."

பிறகு தண்ணீருக்கு மேலே கை மட்டும் தெரிந்தது. அதற்கும் கோப்பையைத்தான் நீட்டினேன். கம்பைப் பிடித்திருந்தால் இழுத்திருக்கலாம். பிடிக்கக்கூடாது என்று பழக்கியவன் நான். ஜெமீல் என்னை உதறிவிட்டுக் குதித்தபோது பிந்திவிட்டது.

ஆம், என் மகளைக் கொன்றது நான்தான். ஆனால் பிழை சாற்றில் இல்லை, அளவில். அதை இனித் திருத்திக்கொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைத்துவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"சேர், சோபனாவுக்குச் சாறு குடுக்கிற நேரமாச்சு. நான் போகலாமோ?"