ஊளையிட்ட சிப்

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் சோதனைப் பிரிவுத் தோழர்களே! கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவை மேதை என்றார்கள். அவர் உயிரோடு இருந்தபோது இந்தச் சொல் எங்கே போயிருந்தது?

நாங்கள் அவரைக் கம்பி அக்கா என்போம். கணினி நிரலில் எந்த வரியைக் காட்டினாலும் பலகையில் கம்பியாக வரைந்துவிடுவார். கணக்குச் சார்புகளாக எழுதிய நிரலை அப்படியே மின்சுற்றாக்கும் கம்பைலர் என்ற மென்பொருளைக் கட்டியவர் எங்கள் கம்பி அக்கா! ஒரு முனையில் எண்கள் ஓடையாக நுழையும், மறுமுனையில் விடைகள் ஓடையாக வெளிவரும். ஒரு விடை சுற்றிவந்து தன்னையே கேட்டால், ஒரு கடிகாரத் துடிப்பு நேரமாவது அதைப் பிடித்துவைக்க நடுவில் பதிவகம் என்ற சிறு நினைவகம் வேண்டும். இல்லையென்றால் கம்பைலர் ஏற்காது. அந்தச் சரிபார்ப்புதான் அக்காவின் உயிர்.

காது கேட்கும் கருவிக்கான சிப்பை அது தடுத்து நிறுத்தியது. கெடு நெருங்கிவிட்டது, சரிபார்ப்பை அணைத்துவிடுங்கள் என்றார் துறைத் தலைவர். அக்கா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"அணைச்சா கம்பைலர் வாயை மூடிக்கும் சார். ஆனா சிப் வேலை செய்யாது."

யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அக்கா மருத்துவமனையில் படுத்ததும் அணைத்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த சிப்பைக் காதில் வைத்தால் ஒரே ஊளை. பழியைத் தூக்கி யார் தலையில் போட்டார்கள்? அக்காவின் தலையில்! அவர் கட்டிய கம்பைலர்தான் தப்பு என்றார்கள். சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு விசாரணைக்கு வந்தவர், சரிபார்ப்பைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டார். ஓட்டவில்லை. அந்தப் பழியோடுதான் போய்ச் சேர்ந்தார்.

சற்று முன் வாசலில் அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா பண்ணது தப்பாப் போச்சாமே மாமா, நிஜமா?"

அதற்கான பதில் எல்லோர் காதிலும் விழ வேண்டும். இங்கே பேசுகிறேன்.

இன்று காலை சோதனைப் பிரிவு சரிபார்ப்பைப் போட்டு அந்த நிரலை ஓட்டியது. எதிரொலியை அடக்கும் சுற்றில் பதிவகம் விட்டுப்போயிருந்தது. கம்பைலர் அங்கேயே நின்று, அக்கா எழுதிவைத்த வரியைக் காட்டியது: 'இந்த விடை தனக்காகவே காத்திருக்கிறது.'

துறைத் தலைவர் அவர்களே, இந்தக் கூடத்துக்கு அக்காவின் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தீர்கள். பெயர்ப்பலகை பிறகு ஆகட்டும். பழி சுமத்திய அதே வாயால், இந்த மேடையிலேயே அதைத் திரும்பப் பெறுங்கள். அக்காவின் சரிபார்ப்பை இனி எந்தக் கெடுவுக்காகவும் அணைக்க விடமாட்டோம். இது சுவரோரம் நிற்பவர்கள் தரும் வாக்கு.

மகளே, உன் அம்மா செய்தது சரி. நான் இறங்குகிறேன். ஒலிவாங்கி துறைத் தலைவருக்காகக் காத்திருக்கிறது.