பாதி மஞ்சள் கோடு

ஆரினுக்குக் கடுகு விழுது இல்லாமல் சாண்ட்விச் இறங்காது. முட்டை வைத்தாலும் மாட்டிறைச்சி வைத்தாலும் ரொட்டியின் இரண்டு பக்கமும் பூச வேண்டும். ஆஸ்பத்திரியில் அதைத் தருவதில்லையாம். வெள்ளிக்கிழமை அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் இந்தப் போலீஸ் வாக்குமூலத்தை முடித்துக்கொண்டால் நல்லது, டெபுடி. வீட்டில் யாராவது இருக்க வேண்டுமே.

அம்மா போனபோது என் தம்பி ஆரினுக்கு ஏழு வயது, எனக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை வளர்த்தேன். எங்கள் வீடு இருக்கும் மேட்டுநிலத்திலிருந்து கடைக்கு நாற்பது மைல். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவன் ஓட்டக் கற்ற நாளிலிருந்து நான் போன இடமெல்லாம் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனதுதான். குறையாகச் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் அந்த இருக்கைக்கு டாம்சின் வந்தாள். நல்ல பெண். வயோமிங்கில் அவள் தாத்தா ஒரு பண்ணையை அவளுக்கு விட்டுப் போயிருந்தார். அங்கே ஏறும் பாதை முழுக்கப் பாறை. எங்கள் டிரக்கில் முன்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கும் அமைப்பு, அது தாங்காது. அதை அறுத்தெடுத்துவிட்டு, பழைய வண்டி ஒன்றிலிருந்து ஒரே தண்டாக இருக்கும் இரும்பு ஆக்சிலைப் பொருத்த வேண்டும் என்றான் ஆரின்.

"ஆக்சில் மாறினதும் நாங்க ரெண்டு பேரும் கிளம்பிடுவோம்க்கா. மாசம் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன்."

சரி என்றேன்.

முதல் தடங்கல் என்னால் வந்ததில்லை. ஆக்சில் மேலே எழும்பும்போது என்ஜினின் எண்ணெய்த் தொட்டியில் இடித்தது. ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் தாங்கிகளை வெட்டி, உயரமாகத் திரும்ப வெல்டிங் செய்ய மூன்று வாரம் பிடித்தது. மூன்று வாரமும் அவன் நேரத்துக்குச் சாப்பிட வந்தான். ஒரு தடங்கல் வீட்டுக்கு இவ்வளவு நல்லது செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து, முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. டேப் பிடித்து அளவு சொன்னது நான். இரண்டு அங்குலம் குறைத்துச் சொன்னேன். செய்து வந்த தண்டு எட்டவில்லை.

"டேப்ப தலைகீழா புடிச்சியாக்கா?"

"விடு ஆரின், அந்த டேப்பு உன்னவிட வயசானது" என்றாள் டாம்சின். எனக்காகத்தான் பேசினாள்.

புதுத் தண்டு வர ஒரு மாதம். பிறகு பிரேக் குழாயைச் சமையல் கத்தியால் லேசாகக் கீறினேன். எலி கடித்தது என்று நினைத்து மாற்றினான்.

"இந்த வண்டிக்கு நாம போறது புடிக்கல போல."

"வண்டிக்கா?" என்று கேட்டு டாம்சின் என்னைப் பார்த்தாள்.

அன்று மதியம் மறதியாக அவள் சாண்ட்விச்சிலும் கடுகு பூசிவிட்டேன். அவளுக்கு அது ஆகாது, உதடு வீங்கிவிட்டது. அதன் பிறகு நான் மறந்ததில்லை.

எங்கள் வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆரின் நட்டை முறுக்குவான். முழு இறுக்கம் வந்ததும் "போடு" என்பான். நான் மஞ்சள் பெயின்ட் பேனாவால் நட்டிலிருந்து அதைத் தாங்கும் இரும்புவரை ஒரு கோடு இழுப்பேன். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நட்டு கழலாமல் குறுக்கே செருகும் இரும்புப் பின்னும் என் பொறுப்புதான். கோடு விழுந்த நட்டை மறுபடி யாரும் தொடுவதில்லை.

கடைசியாக ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி இருந்தது. அதன் நட்டை விரலால் ஏற்றிவிட்டு ஆரின் ஸ்பேனரைத் தேடினான். அப்போது டாம்சின் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"ஆரின், போன்ல எங்க மாமா! பண்ணை சாவிய எங்க வெக்கணும்னு கேக்குறாரு!"

அவன் எழுந்து போனான். நான் கோடு போட்டேன். செருக வேண்டிய இரும்புப் பின் என் ஏப்ரன் பையிலேயே இருந்தது. திரும்பி வந்து டார்ச் அடித்தவன் மஞ்சளைப் பார்த்தான். அடுத்த நட்டுக்குப் போய்விட்டான்.

நான் எதையும் கழற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சோதனை ஓட்டம். முற்றத்தைத் தாண்டுவதற்குள் கழன்றுவிடும், வண்டி வேலியில் முட்டி நிற்கும், இன்னொரு மாதம் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். அது ஆறு மைல் தாங்கிவிட்டது. மலைச்சரிவின் மூன்றாவது வளைவுவரை. சக்கரத்தில் அந்த நட்டைத் தாங்கிய இரும்பில் பாதி மஞ்சள் கோடு இருக்கிறது என்றீர்கள். மீதிப் பாதி நட்டோடு வழியில் எங்காவது கிடக்கும்.

டாம்சின் கூடப் போவாள் என்று எனக்குத் தெரியாது. சோதனை ஓட்டத்துக்கு ஆரின் எப்போதும் தனியாகத்தான் போவான். இதைத் தெளிவாக எழுதுங்கள். அவள் அடக்கத்துக்குப் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு செய்து அனுப்பினேன். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது.

ஆரினுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராதாம். சக்கர நாற்காலி நுழைய வாசற்கதவை அளந்து வைத்திருக்கிறேன். இந்த முறை சரியாக அளந்தேன்.

இருக்கைக்கு அடியில் கிடைத்த சாப்பாட்டு டப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். என்னுடையதுதான். அன்று காலை அவர்கள் எழுந்திருக்கும் முன்பே கட்டி வைத்தேன். இரண்டு சாண்ட்விச். ஒன்றில் கடுகு பூசினேன். மற்றதில் பூசவில்லை.