தம்பிக்கு நான் தேர்ந்தெடுத்த ஆட்டோமேட்டிக்

வண்டிக்குக் காற்று அடிக்க விடியற்காலைதான் நல்லது, ஐயா. டயர் குளிர்ந்திருக்கும்; மீட்டர் காட்டுவதை நம்பலாம். வெயில் ஏறிய பிறகு அடித்தால் இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் காற்றுக் கடையும் பஞ்சர் கடையும் நடத்துகிறேன். என்னிடம் காற்று அடித்துக்கொண்டு போன வண்டி வழியில் நின்றதாக இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எழுதுகிற தங்கச்சி, மெதுவாகவே எழுதம்மா, கை வலிக்கும். ஸ்டேஷனை விட்டு நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஆறு மணிக்குள் கடையில் இருந்தால் போதும். அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் அது.

என் பெயர் திரௌபதி. தமிழரசன் என் தம்பி. அம்மா போகும்போது அவனுக்கு இரண்டு வயது, எனக்குப் பதினெட்டு. அப்பாவும் அடுத்த வருடமே போய்விட்டார். என்னைப் பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். இருவருமே, தம்பியை ஹாஸ்டலில் விடலாமே என்றார்கள். இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீங்கள் கேட்பது அந்த ஏர் ஷிஃப்டரைப் பற்றி. சொல்கிறேன்.

பைக் எங்களுடையது அல்ல. உப்பள முதலாளி தனகோடி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. ஆயிரத்து முந்நூறு சிசி. ஓட்டுகிற வயது அவருக்குத் தாண்டிவிட்டது. ஜெயிக்கிற ஆசை தாண்டவில்லை. நேர்க்கோட்டில் கால் மைல், யார் முதலில் என்கிற பந்தயம் அது. தமிழரசன் ஓட்டுவான், அவர் நின்று பார்ப்பார். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றுகிற நொடியில்தான் தோற்பார்களாம். அதற்காக ஒரு சாமான் வாங்கப்போகிறோம் என்று, போன மார்ச்சில், திண்டிவனத்து பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த பத்துப் பன்னிரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் கம்ப்ரஸர் மேல் பரப்பினான். தனகோடியும் கூட வந்திருந்தார்.

ஒரு சின்ன அலுமினியக் குடுவையில் காற்று. ஹேண்டில்பாரில் ஒரு பட்டன். அழுத்தினால் காற்று பாய்ந்து, கால் லிவரோடு சேர்த்துக் கட்டிய தண்டு ஒன்று கியரைத் தள்ளிவிடும். கிளட்ச் பிடிக்க வேண்டாம், ஆக்ஸிலேட்டரைத் தளர்த்த வேண்டாம். காற்றினால் ஆகிற வேலை என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதிலேயே இரண்டு தினுசு. வெறும் பட்டன் வைத்தது ஒன்று. இன்னொன்று ஆட்டோமேட்டிக்: பட்டனும் இருக்கும், அதோடு எஞ்சின் ஒன்பதாயிரம் சுற்றைத் தொட்டதும், யாரும் அழுத்தாமலே ஒரு பெட்டி காற்றைத் திறந்துவிடும். அதில் வால்வு இரண்டு. கியரை ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று.

தமிழரசன் பட்டன்தான் கேட்டான்.

"பட்டன் போதும்க்கா. எப்ப மாத்தணும்னு என் கட்டைவிரலுக்குத் தெரியும்."

"தெரியும், தெரியும். அந்தக் கைக்குப் பல்லு விளக்கவே நான்தானேடா சொல்லிக் குடுத்தேன்."

"அதுக்குன்னு கியரும் நீயே போடுவியா? பின்னாடி ஏறி உக்காந்துக்கயேன்."

"உக்காந்தா வண்டி நகராதுடா."

தனகோடி சிரித்துவிட்டார். "ஏம்பா, அக்கா சொல்றது கரெக்ட்டு. ரெண்டு கையும் இறுக்கமா புடிச்சிக்கலாம் பாரு. பொட்டிக்குப் பயம் கெடையாது, கை நடுங்காது. ஆட்டோமேட்டிக்கே போட்ருவோம்."

"நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டா நான் இன்னா பண்றது," என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டான். ஆட்டோமேட்டிக் வந்தது. ஏப்ரல் கடைசியில் பூட்டினான். எந்த வயர் எங்கே போகிறது என்று நான் கேட்கக் கேட்கச் சொன்னான். அவன் எதையும் எனக்கு மறைக்காதவன், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த நாட்களில் அவனிடம் ஏதோ சரியில்லை. செல்போன் அடித்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவான். யார் என்று கேட்டால் ராங் நம்பர் என்பான்.

"பதினொரு நிமிஷமாவா ராங் நம்பரு?"

"நல்ல மனுசங்கக்கா, விடவே மாட்றாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. சட்டை துவைக்கும்போது பையில் வானூர் பஸ் டிக்கெட் இரண்டு இருந்தன, ஒரே நாள், ஒரே நேரம். ஸ்பானர் பெட்டியின் அடித்தட்டில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு. கடையில் சாப்பிடுகிற சோற்றில் பாதியை மிச்சம் வைக்கத் தொடங்கினான். யாரோ வெளியில் ஊட்டுகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு சாயங்காலம் வானூர் பஸ்ஸிலேயே ஏறிப் போய்ப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் எதிரே டைப்பிங் கடையில் வேலை செய்கிறவள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அருள்மொழி என்று பெயராம். பரவாயில்லாத பெண். என்னைப் பார்த்து ஏதாவது டைப் அடிக்கணுமாங்க என்று மரியாதையாகக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

பிறகுதான் அவன் பெயருக்கு வந்திருந்த ஒரு கடிதம் கண்ணில் பட்டது. கோயம்புத்தூரில் ஒரு பந்தயக் கம்பெனி. ஜூன் முதல் தேதி வேலைக்கு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் தங்கும்படி வீடு தருவார்களாம். மூன்று பேர் என்று அவன் கேட்டிருக்கலாம். படித்துவிட்டு அதே மடிப்பில் மடித்து அதே இடத்தில் வைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும், ஐயா. அவன் கெட்டுப்போக வேண்டுமென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பதினெட்டு வயதில் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க வந்தபோதும் இப்படித்தான் துள்ளினான். நேர்முகத் தேர்வன்று அவனுக்கு வயிறு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, ஐந்து நாள் படுத்த படுக்கை. கஞ்சி வைத்துத் தேற்றினேன். அது வேறு விஷயம். அதை நீங்கள் கேட்கவில்லை.

உப்பளக் காற்று எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இங்கே இரும்பு தூங்கவே தூங்காது. ஒரு வாரம் விட்டால் வயர் முனையில் பச்சையாகக் களிம்பு பூத்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாரம் ஒருமுறை சாக்கெட்டுகளைப் பிடுங்கி, துடைத்து, வாசலைன் தடவி, திரும்பச் சொருகுவார்கள். எங்கள் கடையில் அந்த வேலை எப்போதும் என்னுடையது. அவன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிய நாளிலிருந்து அவன் வண்டியைத் துடைத்து வைப்பவள் நான். நான் சாக்கெட்டைப் பிடுங்கினால் அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து எல்லாச் சாக்கெட்டையும் துடைத்தேன். ஆட்டோமேட்டிக் பெட்டியிலிருந்து வருகிற வயர் கியரை ஏற்றுகிற வால்வுக்குப் போக வேண்டும். அதை இறக்குகிற வால்வில் காலியாக இருந்த வாயில் சொருகினேன். இரண்டு வாயும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். எல்லோரும் நினைத்தது போலக் கை தவறி அல்ல.

அவன் ஸ்டாண்டு போட்டுப் பட்டனை அழுத்திச் சோதித்தான். ஏறியது, இறங்கியது. பட்டனின் வயர்களை நான் தொடவில்லையே. பெட்டியைச் சோதிக்க எஞ்சினை ஒன்பதாயிரத்துக்கு முறுக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரண்டு வரும் என்று காலையில் ரோட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றான். நானும் அதுதான் சரி என்றேன்.

சனிக்கிழமை விடிந்ததும் உப்பளத்து நேர்ரோட்டுக்குப் போனோம். தனகோடி அந்தக் கோடியில் கடிகாரத்தோடு நின்றார். குடுவைக்கு நான்தான் காற்று ஏற்றினேன், நூற்றிருபது பவுண்டு, சரியாக. ஹெல்மெட் வாரையும் நானே இழுத்துக் கட்டினேன்.

"கழுத்து அறுபடுதுக்கா."

"இருக்கட்டும்டா."

அந்த வார் அத்தனை இறுக்கமாக இருந்ததால்தான் உயிர் பிழைத்தான் என்று பெரிய டாக்டரே சொன்னார். அதை ஒருவரும் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

என் கணக்கு இதுதான். முதல் கியருக்குக் கீழே கியர் கிடையாது. ஒன்பதாயிரத்தைத் தொட்டதும் பெட்டி கீழே தள்ளும். தள்ள இடமில்லாததால் ஒன்றும் நடக்காது. ஆட்டோமேட்டிக் வேலை செய்யவில்லை என்று அவன் திரும்பி வருவான். அப்படி நாலு தடவை ஆனால், ஓட்டம் சரியில்லை என்று கேள்விப்பட்டுக் கோயம்புத்தூர்க்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவுதான். அருள்மொழியிடமும் இதைத்தான் சொன்னேன்.

அவள் கேட்டாள், "ரெண்டாவது கியரைப் பட்டன்ல போட்டுப் போயிருந்தாருன்னா?"

அதைத்தான் அவன் செய்தான். பெட்டி வேலை செய்யாததும் கட்டைவிரலால் இரண்டாவதைப் போட்டான். வேகம் ஏறி, ஊசி மறுபடி ஒன்பதாயிரத்தைத் தொட்ட இடத்தில் பெட்டி அவனை முதல் கியருக்குத் தள்ளியது. அந்த வேகத்தில் பின்சக்கரம் அப்படியே இறுகிவிடும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி பாத்திக்குள் போய் உப்பில் விழுந்தது. அவன் வண்டிக்கு முன்பே விழுந்துவிட்டான்.

அவன் பட்டனை அழுத்துவான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இருபத்து நான்கு வருடம் வளர்த்திருக்கிறேன், ஐயா. ஆரம்பித்த எதையும் அவன் பாதியில் விட்டுத் திரும்பி வந்ததில்லை. தெரியும்.

இன்னொரு திருத்தம், தங்கச்சி. கடிதத்தை நான் பிறகு பார்த்ததாகச் சொன்னேன், இல்லையா? வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். கடிதத்தைப் படித்தது மார்ச் ஆறாம் தேதி. அவன் தாள்களைக் கம்ப்ரஸர் மேல் பரப்பியது ஒன்பதாம் தேதி. இரண்டு வால்வு படத்தைப் பார்த்ததுமே எனக்கு மனது நிம்மதியாகிவிட்டது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் என்றேன். அப்படியே எழுதிக்கொள்.

இப்போது கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது. மற்றபடி நன்றாக இருக்கிறான். குளிப்பாட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன், கடைக்குள்ளேயே கட்டில் போட்டிருக்கிறேன். பேச்சு வருமாம், அருள்மொழியிடம் வயரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருக்கிறான், அதை வைத்துத்தானே அவள் புகார் கொடுத்தாள். என்னிடம் பேசுவதில்லை. நான் எதிரில் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான், நிறையத் தூக்கம் வருகிறது போல. ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறான். மூக்கை லேசாகப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் திறந்துவிடும். செல்லம் கொஞ்சுகிறான், ஐயா. என்னைத் தவிர வேறு யாரிடம் கொஞ்சுவான்?